குறைக்க மறந்த எண்

ஹோலில் பேணாட்டின் சவப்பெட்டியைச் சுற்றி இருந்து சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய மகள் அஞ்சலினா குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். செத்தவீட்டில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று இரண்டு பேர் அவள் காதுபடவே கேட்டார்கள். கேட்கட்டும் என்று இருந்தாள்.

பேணாட் இறங்குதுறையில் கப்பல் கயிறு கட்டுகிறவர். செவ்வாய்க்கிழமை காலை ஒரு கப்பல் கொஞ்சம் வேகமாக வந்து முட்ட, அவர் நின்ற இரும்பு நடைபாலம் ஆடிக் கழன்று அவரோடு கடலுக்குள் போனது. கப்பல் முட்டினால் அந்தப் பாலம் தாங்குமா என்று போன வருடம் கணினியில் பார்த்துக் கையெழுத்து வைத்த பொறியியலாளர் அஞ்சலினாதான். என்னுடைய மகள் பார்த்த பாலம் என்று அடுத்த ஊர் கிண்ணியா வரைக்கும் சொல்லித் திரிந்த மனிதர் அவர்.

பிழை இப்போது கண்ணுக்கு முன்னால் கிடந்தது. கணினிக்குள் பாலத்தின் பாரத்தை முதலில் ஏற்றும்போது அது துள்ளும். துள்ளலை அடக்க, ஆட்டத்தை உறிஞ்சும் தணிப்பு எண்ணைக் கூட்டி வைப்பார்கள். பாலம் அடங்கியதும் அதைக் குறைத்துவிட்டுத்தான் கப்பலை மோதவிட வேண்டும். அவள் குறைக்க மறந்திருந்தாள். அதனால் கணினியில் பாலம் தேனுக்குள் நிற்பதுபோல ஒருதரம் அசைந்து நின்றுவிட்டது. கடல் என்ன தேனா? இன்று எண்ணைச் சரியாகப் போட்டு ஓட்டினாள். நாலாவது ஆட்டத்தில் பாலத்தைப் பிடித்திருந்த மரையாணிகள் இழுபட்டு அறுந்தன. மறுபடியும் ஓட்டினாள். அதே நாலாவது ஆட்டம்.

அவள் வேலை செய்யும் கொம்பனியின் முகாமையாளர் ஞானசேகரம் வெள்ளைச் சேட்டோடு குசினி வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, நல்லவிதமாகத்தான் கதைத்தார். கணக்கில் பிழையில்லை, பேணாட் பாதுகாப்புப் பட்டி மாட்டாமல் நின்றதால்தான் செத்தார் என்று ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அவள் கையெழுத்து வைத்தால் விசாரணைக்கு அது போதுமாம், அவளுடைய வேலையும் தப்புமாம். செத்தவருக்கு இனி என்ன நட்டம் என்றும் கேட்டார். வாய் கூசவில்லை மனிதருக்கு.

அஞ்சலினாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்று அப்பாவுக்குச் சேட்டு மாட்டும்போது, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டி இறுக்கிய கன்றலை அவளும் அம்மாவும் பார்த்திருந்தார்கள். பாலத்துக் கம்பியில் கொளுவியிருந்த பட்டிதான் அவரைப் பாலத்தோடு கீழே இழுத்தது. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஹோலுக்கு நடந்தாள். செபம் நின்றது.

"அப்பா பட்டி மாட்டித்தான் நிண்டவர். பாலம் விழுந்தது என்ர கணக்கால. நான் ஒரு எண்ணைக் குறைக்க மறந்துபோனன். விசாரணையிலயும் இதைத்தான் சொல்லுவன்."

ஞானசேகரம் பின்னாலேயே ஓடிவந்தார். "பிள்ளை, பிறகு உங்களுக்கு ஒருத்தரும் வேலை தரமாட்டினம். வழக்கும் வரும்."

"வரட்டும். அப்பான்ர பேரில பழி போட ஏலாது."

கடிதத்தை அவருடைய சேட்டுப் பைக்குள்ளேயே திணித்தாள். அவர் வேர்த்துப்போய், சப்பாத்தைத் தேடிக்கொண்டு படியிறங்கினார்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த தாய் கிறேஸுக்கும் இந்தக் கதை இப்போதுதான் தெரியும். விசாரணைக்கோ வழக்குக்கோ அஞ்சலினா பயப்படவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தாள்.

மூன்று மணிக்குக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியை மூட முன் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் உதடு வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். அஞ்சலினா சுவரோடு நின்றாள். வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. பேணாட்டின் தமையன் மகன் வினோதன் அவள் பக்கம் பாராமலே மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கிறேஸ் எழும்பினாள். மகளை அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்கு மேலே வந்துவிட்ட மூடியை ஒரு கையால் தாங்கி நிறுத்தினாள்.

"பொறு. அவள் இன்னும் கொஞ்சேல்லை."

அஞ்சலினா வந்து குனிந்தாள். நெற்றியில் முகத்தை வைத்தவள் உடனே எழும்பவில்லை. மூடி பாரமானது. கிறேஸ் மற்றக் கையையும் கொடுத்துத் தாங்கினாள். கையை அவள் எடுக்கவில்லை.