ஜெர்மன் பெட்டியும் தறிக்காரக் காதும்

சென்னையில் ஒரு ஸ்பீக்கர் கடையின் மாடியில் ஆறு பேரை உட்கார வைத்து, ஒரு சோதனை இசைத்தட்டைப் போட்டார் விற்பனையாளர். எல்லோரும் கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். விசில் மாதிரி ஒரு சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறும். அது நின்றதும் கையை இறக்கிவிட வேண்டும். புதிதாக வந்திருக்கும் ஸ்பீக்கர் எவ்வளவு உயர்ந்த சுருதி வரை பேசும் என்று காட்டுவதற்கான வித்தை இது.

வீரபத்திரன்தான் முதலில் கையை இறக்கினான். சத்தம் நின்றுவிட்டது, அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. திரும்பிப் பார்த்தால் மற்ற ஐந்து கைகளும் மேலேயே இருந்தன. பக்கத்தில் ஒரு நரைத்த தலைக்காரர், அறுபதைத் தாண்டியவர், கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கியபடியே இருந்தார். விளையாடுகிறார்களோ என்று பார்த்தான். ஒருவர் முகத்திலும் விளையாட்டு இல்லை. பெரியவர் கை இறங்கியது. மற்றவை ஒவ்வொன்றாக இறங்கின. அப்பாவோடு வந்திருந்த பள்ளிக்கூடப் பெண்ணின் கை மட்டும் கடைசி வரை இருந்தது.

"சார் என்ன தொழில் பண்றீங்க?" என்றார் விற்பனையாளர்.

"விசைத்தறி. திருத்தணி. நாலு தறி சொந்தமா ஓடுது."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தி ரெண்டு."

அதற்கப்புறம் அவனிடம் பேசும்போது மட்டும் அவர் குரலை உயர்த்திப் பேசினார்.

இது எண்பத்தி நாலில். அவன் அங்கே போனது பழைய பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்க. பழையது என்றால் சாதாரணப் பழையது இல்லை. எழுபதில் கப்பல் இன்ஜினியர் ஒருவரிடம் வாங்கிய ஜெர்மன் ஜோடி. இடுப்பு உயரம், தேக்கு நிறம், ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதே கம்பெனியில் அடுத்த மாடல் வந்துவிட்டதால் இன்ஜினியர் இதைத் தள்ளிவிட்டார். அவருக்கு அது கழித்துப் போட்டது. திருத்தணியில் தறிக்காரத் தெருவுக்கு அது அதிசயம். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். அன்று வீரபத்திரன் வீட்டுக் கூடத்தில் நாகஸ்வரத் தட்டு ஓடும். "வீரபத்திரனுக்கு காதுடா" என்று தெருவே சொன்னது. காது உள்ளவன் என்று பெயர் எடுத்தவன் அவன்.

விற்பனைக்கு முன்னால் கடையின் மெக்கானிக் பழைய பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். உச்சியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைக் காட்டினார். கீச்சுச் சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும், ட்வீட்டர் என்பார்கள். அதன் கழுத்தில் ஈய முத்திரை.

"கம்பெனி சீலு சார். ஒருத்தரும் தொடல. ரெண்டுலயும் அப்படியே இருக்கு. இதை ஏன் குடுக்கறீங்க?"

வீரபத்திரன் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ட்வீட்டரைத் திருடி விற்றுவிட்டதாகத்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தனை ஊரைவிட்டு ஓட்டியிருந்தான்.

அவன் பெயர் ஜம்புலிங்கம். ரேடியோ மெக்கானிக், ரயில்வே கேட் பக்கத்தில் கடை. வாடா போடா என்று பழகியவன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தறி ஓட்டாத ஒரே ஆள் அவன்தான். எழுபத்தாறில் ஒரு பெட்டியின் பெரிய ஸ்பீக்கர் விளிம்பு கிழிந்தது. ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்க்க வேண்டும் என்று இரண்டையும் கடைக்கு எடுத்துப் போனான். அந்தச் சமயம் லுங்கி ஆர்டர் தலைக்கு மேல். தறி ராத்திரியும் பகலும் ஓடியது. ஒன்றரை மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்து, தட்டைப் போட்டால், நாகஸ்வரம் இருக்கிறது, தவில் இருக்கிறது, ஜால்ராவைக் காணோம். கம்பளியைப் போட்டு மூடின மாதிரி இருந்தது.

"எங்கடா ஜால்ரா?" என்றான் வீரபத்திரன்.

"கேக்குதேடா. நல்லாத்தானே கேக்குது?"

வீரபத்திரன் தனியாக முடிவு செய்யவில்லை. அதில் மட்டும் நியாயஸ்தன். கூடத்தில் இருந்த நாலு பேரையும் கேட்டான். மச்சான் சிங்காரம், மணவாளன், தங்கவேல், ஜெகநாதன். நாலு பேரும் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நன்றாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: ஜால்ரா இல்லை. நாலு பேரும் தறி ஓட்டுகிறவர்கள். தறிக்கொட்டகைச் சத்தத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இரண்டு விரலை வாயில் வைத்தால் டீ, மணிக்கட்டைத் தட்டினால் மணி என்ன. வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். தெருவே கத்தித்தான் பேசும். வெளியூர்க்காரன் வந்தால் ஏதோ சண்டை என்று நினைப்பான். இப்படிப்பட்ட தெருவில் ஒருவனுக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியாது.

காபி கொண்டுவந்த வீரபத்திரன் மனைவி காஞ்சனா மட்டும், "ஜால்ரா கேக்குதுங்களே" என்றாள்.

"உனக்கின்னா தெரியும், உள்ள போ" என்றான் வீரபத்திரன். போனாள்.

"பெட்டியைக் கழட்டிக் காட்டறேன், பாரு" என்றான் ஜம்புலிங்கம்.

"நீ எதைக் காட்டினாலும் நான் நம்பணும். எனக்கு அசல் எது, போலி எதுன்னு தெரியுமா? மலையடிவாரத்துக்கு வா. கையில கற்பூரத்தை ஏத்தி அடிச்சு சத்தியம் பண்ணு. நான் கால்ல வுழறேன்."

"பெட்டிக்குள்ள இருக்கற சாமானுக்கு சாமி எதுக்கு? ஸ்குரு டிரைவர் போதும்."

அவன் சத்தியம் பண்ண மறுத்தான். அது போதுமானதாக இருந்தது. கற்பூரத்துக்குப் பயந்தவன் திருடன். இதற்கு மேல் எங்கள் ஊரில் விசாரணை கிடையாது. ஒரு மாதத்தில் அவன் கடைக்கு ஒரு டிரான்சிஸ்டர்கூட வரவில்லை. அடுத்த மாதம் கடையைக் காலி செய்துகொண்டு மணவூர் போய்விட்டான். வீரபத்திரன் மங்கின பெட்டியோடு எட்டு வருஷம் ஓட்டினான். ஒவ்வொரு தடவை தட்டைப் போடும்போதும் அவனைத் திட்டினான்.

இப்போது பெட்டிகளை விற்காமல் அதே வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினான். காஞ்சனா கேட்டதற்கு, "விலை ஒத்து வரல" என்றான்.

நாலாம் நாள் ரயிலேறி மணவூர் போனான். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. ஜம்புலிங்கம் இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தான். சுற்றிலும் டார்ச் லைட்டுகள், ஒரு மிக்ஸி. திருட்டுப் பேச்சு நாலைந்து ஸ்டேஷன் தாண்டி அவனுக்கு முன்னாலேயே இங்கே வந்திறங்கியிருக்க வேண்டும்; விலை உயர்ந்த சாமான் எதுவும் கண்ணில் படவில்லை.

"வாங்க" என்றான் ஜம்புலிங்கம். "உக்காருங்க."

அந்த 'வாங்க'வுக்கே வீரபத்திரன் திரும்பிப் போயிருப்பான். உட்கார்ந்தான். கடையில் நடந்ததைச் சொன்னான். கம்பெனி முத்திரையைச் சொன்னான், முதலில் இறங்கின தன் கையைச் சொன்னான். ஜம்புலிங்கம் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நாலு பேரும் ஒண்ணா ஜால்ரா இல்லன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, தறிக்காரக் காதுன்னு. சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள கற்பூரம்னீங்க."

"தப்புதான் ஜம்பு."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? என்னைத் திருடன்னு எங்கிட்டயா சொன்னீங்க? ஊர்ல சொன்னீங்க. அந்த நாலு பேரையும் அதே கூடத்துல உக்கார வச்சு சொல்லுங்க. தெருவுக்கும் உங்க வாயாலயே சொல்லுங்க. அப்புறம் வாங்க."

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரையும் கூப்பிட்டான். புது மாடல் வந்திருக்கும் என்று வந்தவர்கள் பழைய பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னா பாவா, கட்டிக்கினதை மாத்த மனசு வரலியா?" என்றான் சிங்காரம். காஞ்சனாவின் தம்பி அவன்.

வீரபத்திரன் சொன்னான். அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. தனக்குக் காது பத்தரை மாற்று என்றான் தங்கவேல். சரி என்று பழைய நாகஸ்வரத் தட்டைப் போட்டான். காஞ்சனாவைக் கூப்பிட்டு, அவர்களுக்கு எதிரே நிற்கச் சொன்னான்.

"ஜால்ரா கேக்கறப்பல்லாம் கையைத் தூக்கு."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். தாளம் தப்பாமல் அந்தக் கை ஏறி இறங்கியது. ஐந்து ஆண்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை ஏறும் இடத்தில் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

"அக்கா சும்மா தூக்குது" என்றான் சிங்காரம்.

"அப்ப நீ கண்ணை மூடிக்கினு தூக்குடா, பாக்கலாம்" என்றாள்.

அவன் தூக்கவில்லை. தட்டு முடிந்தது. ஊசி கரகரத்துக்கொண்டிருந்ததா இல்லையா என்பதுகூட அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மணவாளன்தான் முதலில் பேசினான். "இது இந்தக் கூடத்தோட இருக்கட்டும் வீரா. தை மாசம் என் பொண்ணைப் பாக்க வராங்க. செவிட்டு வம்சமான்னு யோசிப்பாங்க."

"அப்ப ஜம்புலிங்கம்?"

"அவன் போயி எட்டு வருஷமாச்சு. அவனை இப்ப யாரு கேக்கறாங்க? அவன் பாட்டுக்கு அங்க பொழைச்சுகினு இருக்கான். நீ வேணா தனியா போயி மன்னிப்பு கேட்டுக்கோ."

ஜெகநாதன் தலையாட்டினான். தங்கவேல் தரையைப் பார்த்தான். நாலு பேரும் வீரபத்திரனைப் பார்த்தார்கள். காது உள்ளவன் என்று எடுத்த பெயர் கண்முன் வந்தது. டீக்கடையில் ஒவ்வொருவனும் அவன் காதருகே வந்து கத்தப்போவது தெரிந்தது. அந்தச் சென்னைக்காரன் குரலை உயர்த்தின மாதிரி.

"ஆங்" என்றான் வீரபத்திரன். ஒத்துக்கொண்டான். ஒரு சொல், அவ்வளவுதான். ஆளை ஊரைவிட்டு அனுப்ப எட்டு வருஷத்துக்கு முன்னால் இதைவிட அதிகம் பேச வேண்டியிருந்தது.

காஞ்சனா அங்கேயேதான் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிட்டாள். முழுக்கச் சொன்னாள். ஜம்புலிங்கம் திருடவில்லை என்பதை முதலில் சொன்னாள். கையைத் தூக்கினதைப் பிறகு சொன்னாள். பெண்களுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை இருந்தது.

"அதானே, பால் பொங்குதுன்னு நான் கத்தறேன், அது பாட்டுக்கு பேப்பர் படிச்சுகினு இருக்குது."

"எங்க வூட்டுக்காரருக்கு நான் திட்டறது மட்டும் கேக்கறதில்லன்னு நெனைச்சுகினு இருந்தேன்டி. எதுவுமே கேக்கறதில்லையாம்."

சிரிப்பு தெருக்கோடி வரை போனது. மதியத்துக்குள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் மணவாளன் வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனான். வீரபத்திரன் உள்ளே வந்து காஞ்சனாவைப் பார்த்தான்.

"கூடத்தோட இருக்கட்டும்னு பேசினோம் இல்ல?"

"நீங்க பேசினீங்க. நான் பேசல" என்றாள், முகத்தை அவன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக. அவனுக்குப் புரியும்படி. அவள் பல வருஷமாகவே அப்படித்தான் பேசுகிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை மறுபடி மணவூர் போனான். வழியெல்லாம் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு போனான். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, உன் பேர் சுத்தமாகிவிட்டது, திரும்பி வா, கடைக்கு இடம் நான் பார்த்துத் தருகிறேன். வண்டியை விட்டு இறங்கும்போது வாக்கியம் நன்றாகவே இருந்தது.

ஜம்புலிங்கம் ஒரு டார்ச் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீரபத்திரன் வாயைத் திறக்குமுன், "தெரியும்" என்றான். "உங்க தெருப் பொம்பளை ஒருத்திக்கு இங்க அண்ணன் வூடு. நேத்தே வந்து சொல்லிட்டுப் போனா."

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு ஜம்பு."

"நீங்க சொன்னீங்களா?"

கட்டிக்கொண்டு வந்த வாக்கியத்தில் இதற்கு இடம் இல்லை. ஆமாம் என்று சொல்லலாம். யார் கண்டது? சொல்லப் பார்த்தான்.

"இல்ல" என்றான். "காஞ்சனா சொன்னா. நான் சொல்ல வேணாம்னு ஒத்துகினேன்."

ஜம்புலிங்கம் குனிந்து டார்ச்சின் மூடியைத் திருகினான். குனிந்தபடியே ஏதோ சொன்னான். உதடு தெரியவில்லை. வீரபத்திரனுக்கு முனகல் மட்டும் கேட்டது. மன்னித்தேன் என்றிருக்கலாம், போய்த் தொலை என்றிருக்கலாம், வருகிறேன் என்றுகூட இருக்கலாம். தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம்; இத்தனை வருஷம் எத்தனையோ பேச்சுக்கு அப்படித்தான் ஆட்டியிருக்கிறான்.

"கேக்கல ஜம்பு" என்றான். "எனக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு."

ஜம்புலிங்கம் நிமிர்ந்தான். ஸ்டேஷன் வாசலில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, தெளிவாக, உரக்கச் சொன்னான்:

"கடையைச் சாத்தணும், எழுந்திருங்கன்னேன்."

வீரபத்திரன் எழுந்து, உட்கார்ந்திருந்த பலகையை அவன் உள்ளே இழுத்துக்கொள்ள வசதியாக ஒதுங்கி நின்றான்.