நாற்பத்தொரு வலக்கைகள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அன்னதான வரிசையில். லண்டன் வெம்பிளியில் ஒரு கோயில் மண்டபத்தில் சோற்றுக்கும் பருப்புக்கும் நின்றவனைப் பிடித்து, "அண்ணை, ஒரு நிமிசம் கை தாறீங்களோ?" என்று கேட்டாள் சயந்தினி. கதைகள் இதைவிட உயர்ந்த இடங்களில் பிறப்பதாக நம்புகிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். சாம்பார் நன்றாக இருந்தது.

2

தொடக்கத்தைப் பல தரம் எழுதினேன்.

"முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, குகையின் இருளில், அவன் தன் கையை…" வேண்டாம். அது அவன் என்று எனக்கு யார் சொன்னது? சயந்தினி கண்டால் கொன்றுபோடுவாள்.

"குரோய்டன் டிராமில் சயந்தினி அழுதுகொண்டிருந்தாள்…" பச்சைப் பொய். அவள் அழுததை நான் கண்டதில்லை.

சரி, உள்ளதையே சொல்லிவிடுகிறேன். வடலண்டன் எட்மண்டனில் வளர்ந்த சயந்தினி தொல்லியலாளர். ஆதிமனிதர் குகைச் சுவர்களில் விட்டுப்போன கைத்தடங்களை ஆராய்கிறவள். சுவரில் கையை வைத்து, அதைச் சுற்றிக் குழலால் செங்காவியை ஊதுவார்களாம். கையை எடுத்தால் அதன் வடிவம் வெறுமையாக நிற்கும். பல குகைகளில் இடக்கைத் தடங்கள்தான் அதிகம். குழலை வலக்கை பிடித்தால் சுவருக்கு மிஞ்சுவது இடக்கைதானே? ஆகவே அந்த ஆட்களும் எங்களைப் போல வலக்கைப் பழக்கக்காரர்கள். அவளுடைய கட்டுரை சொல்வது இவ்வளவுதான். (இது விளங்க எனக்கு இரண்டு பிளேன்டீ தேவைப்பட்டது.)

கட்டுரை வெளிவந்தால் பல்கலைக்கழகம் செப்டம்பரில் அவள் வேலையை நிரந்தரமாக்கும். வராவிட்டால் வேலை அதோடு சரி. மாணவர்களைக் கொண்டு ஏற்கெனவே சோதித்துவிட்டாள். அநேகமாக எல்லாமே இடக்கை. "மாணவர்கள் மட்டும் போதாது, வேறு வயதினரையும் பாருங்கள்" என்று ஆய்விதழ்க்காரர் எழுதினார்கள். அதனால்தான் இந்தக் கோயில் மண்டபம். வாடகை இல்லை, ஆட்களுக்கும் குறைவில்லை.

3

சுவரில் தாள்கள் ஒட்டியிருந்தன. கிண்ணத்தில் கரைத்த செங்காவி, பக்கத்தில் குழல்கள். எந்தக் கை என்று வாய் திறந்தால் சோதனை கெட்டுவிடும் என்பதால், "ஒரு கையை வைச்சு, மற்றக் கையாலை குழலைப் பிடிச்சு ஊதுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

முதல் ஆள் கமலேஸ்வரி அக்கா. பூசை முடிந்து திருநீற்றோடு வந்தவர், ஒரு பேனை வாங்கித் தாளின் மேலே பிள்ளையார் சுழி போட்டார்.

"அக்கா, அது தேவையில்லை."

"புதுத் தாள், பிள்ளை. சும்மா தொடங்கேலுமோ?"

பிறகு வலக்கையைத் தாளில் வைத்தார். குழலை இடக்கையில் தடுமாறிப் பிடித்து மூச்சு முட்ட ஊதினார். காவி பாதி தாளில், பாதி சேலையில்.

"அக்கா, நீங்கள் இடக்கைப் பழக்கமோ?"

"என்ன கதை கதைக்கிறாய்! கோயிலுக்குள்ளை, குங்குமம் மாதிரிக் கிடக்கிற சாமான். இடக்கையையோ பதிக்கிறது? சேச்சே!"

பின்னால் வந்த தேவராசா அண்ணை, வலக்கை. பாரிசிலிருந்து வந்து இங்கே கடை போட்ட லதீசன், வலக்கை. சமையலுக்கு உதவ வந்த மேரிசாந்தி வேதக்காரர் ஆயிற்றே என்று சயந்தினி கொஞ்சம் நம்பிக்கை வைத்தாள். "சிலுவை போடுற கையைத்தானே வைக்கவேணும்?" என்றார் மேரிசாந்தி. வலக்கை.

நாற்பத்தொரு பேர். எல்லாரும் வலக்கையால் எழுதுகிறவர்கள், எல்லாரும் வைத்தது வலக்கை.* சயந்தினி தாள்களை இன்னொரு தரம் எண்ணினாள். சுவரில் நிற்கும் கை பழக்கத்தைச் சொல்லவில்லை, மரியாதையைச் சொல்கிறது. அந்தக் குகையிலும் 'இடக்கைதான் மரியாதை' என்று சொல்ல ஒரு கமலேஸ்வரி அக்கா இருந்திருந்தால் அவளுடைய ஆறு வருட உழைப்பு அம்போ.

* அக்காவைப் பார்த்து மற்றவர்களும் தாளின் மேலே போட்டதில், நாற்பது பிள்ளையார் சுழி, ஒரு சிலுவை. ஆய்விதழில் இதைப் படமாகப் போட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

4

முடிவு அ: "வழிமுறையைப் பின்பற்றவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு, தாள்களைக் கவுன்சில் தந்த நீலக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

முடிவு ஆ: கட்டுரையைத் திருப்பி வாங்குகிறாள். வேலை போகிறது. இரயிலில் போகும்போது முகத்தில் ஓர் ஒளி… (சீ. ஒளியாவது மண்ணாவது.)

இரண்டையும் அவளிடமே காட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் எறிந்தாள்.

"முதலாவதிலை நான் கள்ளி, ரெண்டாவதிலை தியாகி. எனக்கு அந்த வேலை வேணும் அண்ணை, சரியான ஆசை. ஆனா அந்தக் கையளும் பொய்யில்லை. இதை எழுத ஏலுமெண்டால் எழுதுங்கோ."

எனக்கு ஏலவில்லை. அவளை அப்படியே விட மனது கேட்கவுமில்லை.

5

ஆகவே முடிவு இ. சற்று முன் வெம்பிளித் தேநீர்க் கடையில் அவளிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு வரிசையில் நான் இரண்டாவது ஆள். அக்கா வலக்கையை வைத்ததும் பின்னால் திரும்பி, "எல்லாரும் வலக்கையை வையுங்கோ, சோறு ஆறுது!" என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் மற்ற நாற்பதும் அவரவர் தெரிவு இல்லை, என் உத்தரவு. சோதனை கெட்டுப்போனது. மனச்சாட்சியோடு அதைத் தள்ளிவைத்து வேறிடத்தில் செய்யலாம். கட்டுரையும் பிழைக்கும், செப்டம்பரும் பிழைக்கும்.

சயந்தினியின் முகம் மலர்ந்தது. எத்தனையோ கிழமைக்குப் பிறகு அப்படிப் பார்த்தேன். பிறகு அவளுக்குள் இருந்த ஆய்வாளர் விழித்துக்கொண்டார்.

"உண்மையாவோ அண்ணை?"

"ஓம்."

"நான் வரிசைக்குப் பக்கத்திலைதான் நிண்டனான். எனக்குக் கேக்கேல்லை."

"மேளம் அடிச்சது."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "சொன்னதை இதிலை எழுதி ஒப்பம் வையுங்கோ. இண்டைக்கே அனுப்புறன். கதைக்காகச் சொன்னதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, கோவிக்கமாட்டன்."

6

எழுதுகிறவர்கள் வெட்கப்பட்டால் ஒளிப்பார்கள், இரக்கப்பட்டால் இட்டுக்கட்டுவார்கள். இதில் நான் எதைச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். தேநீர் ஆறிவிட்டது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் பகுதியில் நீங்களும் அந்த மண்டபத்தில்தான் நின்றீர்கள். என் குரல் கேட்டதா?

கேட்டது என்று நீங்கள் சொன்னால், ஒப்பம் வைத்துவிடுகிறேன்.