வலக்கன்னத்தில் அலகு

துளசிங்கம் தறிக்குழிக்குள் உட்கார்ந்துகொண்டு கோணி ஊசியால் தன் கன்னத்தைத் தானே குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூவம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றுவிட்டாள்.

"இன்னாங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லியே. கொசு கடிச்சிச்சு."

"கொசு கோணி ஊசி வெச்சிகினா கடிச்சிச்சு?"

அவன் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். இடக்கன்னத்தில் ஒரு பொட்டு ரத்தம் நின்றது. பூவம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். உண்மை வராமல் அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

"பூவு, கத்தாத. எனக்கு பக்தி போயிடுச்சு."

உலக யுத்தம் முடிந்தும் நூல் தட்டுப்பாடு தீராத அந்த வருஷத்தில் திருத்தணி நெசவாளர் தெருவில் பல சாமான்கள் காணாமல் போயிருந்தன. ஆனால் பக்தி காணாமல் போனதாக யாரும் புகார் சொன்னதில்லை. துளசிங்கத்துக்குப் போனது போன ஆடிக் கிருத்திகையில். கூட்டத்தில் மேல்துண்டு தொலைவதைப் போலத்தான் தொலைந்தது. வீட்டுக்கு வந்து தோளைத் தடவிப் பார்த்தபோது இல்லை.

அது போன விதம் இது. அந்தத் தெருவில் ஒரு சட்டம் இருந்தது. மலைமேல் இருக்கும் முருகன் அதைப் போடவில்லை, எந்தப் புராணத்திலும் அது இல்லை, தெருவே போட்டுக்கொண்டது. காவடி எடுப்பவனுக்கு அலகு குத்தும்போது வலிக்கக் கூடாது. வலித்து அவன் கத்திவிட்டால், அவன் வீட்டுப் பெண் எவளோ விரதத்தில் சுத்தம் கெட்டிருக்கிறாள் என்று அர்த்தம். குத்திக்கொள்பவன் ஆண், கத்துபவன் ஆண், தண்டனை மட்டும் பெண்ணுக்கு. போன வருஷம் துளசிங்கத்தின் மாமன் மகன் சிங்காரம் கத்திவிட்டான். அவன் மனைவி பாஞ்சாலியை, தீட்டுக் கழியட்டும் என்று அன்றைக்கே அம்மையார்குப்பத்துத் தாய்வீட்டுக்கு வண்டி ஏற்றினார்கள். இன்னும் யாரும் கூப்பிடவில்லை. சிங்காரம் தானே சோறு பொங்கித் தின்று, குழைந்துபோன சோற்றைப் பார்த்துத் தானே அழுதுகொண்டிருந்தான்.

"அப்பல்லாம் எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்திச்சு. பக்தி இருந்துது. இந்த வாட்டி வலிக்கும். கத்திடுவேன். அப்புறம் உன்ன பொதட்டூர்பேட்டைக்கு, உங்கம்மா வூட்டுக்கு ஏத்திடுவாங்க. அதான் பழகிகினு இருக்கேன்."

பூவம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எனக்கும் போயிடுச்சுங்க. பாஞ்சாலி வண்டி ஏறுனா பாருங்க, கூடவே ஏறிப் போயிடுச்சு. நீங்க பட்டை பட்டையா விபூதி பூசிகினு இருந்தீங்களா, சொன்னா மனசு ஒடஞ்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

"நீ காலங்காத்தால அவ்ளோ சத்தமா பாடிகினு இருந்தியே! அதப் பாத்துதான் நான் பட்டையே பூசுனேன்!"

ஒரு வருஷமாக ஒருவரை ஒருவர் ஏமாற்ற இருவரும் போட்டி போட்டுப் பக்தி செய்திருந்தார்கள். அந்த ஆனந்தத்தில் பூவம்மாள் மடியை அவிழ்த்து, ஒருபொழுது விரதத்துக்கு நடுவே ஒளித்துத் தின்றுகொண்டிருந்த வறுத்த வேர்க்கடலையை நீட்டினாள். துளசிங்கமும் வெட்கத்தோடு தறிக்கட்டைக்குப் பின்னாலிருந்து தன் பொட்டுக்கடலைப் பொட்டலத்தை எடுத்தான்.

"காவடி வாணாம்னு அத்தெயாண்ட சொல்லிடுங்களேன்."

"எப்டி சொல்றது? நான் கைக்கொழந்தையா வலிப்பு வந்து கெடந்தப்போ அம்மா நேந்துகினது. ஒரு வருஷம் நின்னாலும் நான் செத்துடுவேன்னு நெனைக்குது அது."

அது உண்மை. கெங்கம்மாள் நாக்கு நீளமானவள், மருமகளை அதட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் மகன் விஷயத்தில் அவள் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தின் எதிரில் நின்று பேச அவனுக்குத் தைரியம் இல்லை. ஆகவே பயிற்சி தொடர்ந்தது. நேரம் கிடைத்தபோதெல்லாம் பூவம்மாள் தறிக்குழிக்கு வந்து இடக்கன்னத்தைத் திருகிக் கிள்ளுவாள். "ஐயோ" என்று திறக்கும் வாயை அவன் "அரோகரா" என்று திருப்ப வேண்டும். சில நாளில் நன்றாகவே திரும்பியது. அடுப்பங்கரையில் இருந்த கெங்கம்மாளுக்குத் தறிச் சத்தத்துக்கு நடுவே ஓயாமல் "அரோகரா, அரோகரா" என்று கேட்டது.

"எம்புள்ள தறி மெதிக்கசொல்ல கூட சாமிய மறக்க மாட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆடிக் கிருத்திகையன்று சரவணப் பொய்கைக் கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பம்பை அதிர்ந்தது. பூக்காவடி சாமந்தியும் அரளியுமாகக் காத்திருந்தது. நெசவாளர் தெருவுக்கு அலகு குத்துபவர் பூசாரி தேசப்பன். அவர் விபூதியை எடுத்துத் துளசிங்கத்தின் வலக்கன்னத்தில் அப்பினார்.

துளசிங்கத்தின் கை இடக்கன்னத்துக்குப் போனது. வலக்கன்னமா? இத்தனை வருஷம் குத்திக்கொண்டும் எந்தப் பக்கம் குத்துகிறார்கள் என்று அவன் கவனித்ததே இல்லை. பக்தி இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"பூசாரி, இந்தப் பக்கம்..." என்று பழகிய கன்னத்தைக் காட்டுவதற்குள் அலகு இறங்கிவிட்டது.

"ஐயோ! செத்தேன்டா!"

பம்பை நின்றது. பூசாரி அலகை உருவிக்கொண்டு, மஞ்சளை வைத்து அழுத்தினார். தெருவின் கண்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி, ஈரப் புடவையோடு நின்ற பூவம்மாள் மேல் விழுந்தன.

"யாரு வூட்டுப் பொம்பள சுத்தம் கெட்டது?" என்று பூசாரி கேட்டார். பதிலை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது.

துளசிங்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தான். "அவ மேல தப்பு இல்ல பூசாரி. எனக்குத்தான் பக்தி போயிடுச்சு. ஒரு வருஷமா நான் சாமியே கும்புடல. சும்மா வாய அசச்சிகினு இருந்தேன்."

இதைச் சொல்ல அவனுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. வானம் இடிந்து விழும் என்று நினைத்தான். பூசாரியோ தொடையைத் தட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா அநியாயத்த! ஆம்பளைக்கு எங்கயாச்சும் பக்தி போவுமா? பொண்டாட்டி தீட்டு இவனுக்கும் ஏறி இருக்குது. எப்படிப்பட்ட புள்ள வாயில இன்னா பேச்சு வருது, கேளுங்க!"

"நான் அப்பவே நெனச்சேன்" என்று கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ பூவம்மா, கெளம்பு உங்கம்மா வூட்டுக்கு! எம்புள்ளய உயிரோட வுட்டுட்டுப் போ!"

பூவம்மாள் அழவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போறேன் அத்தெ. பூசாரிய ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். என் தீட்டு இவருக்கும் ஏறிகிச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப இவர வூட்ல வெச்சிக்கலாமா? வூட்ல சாமி படம் இருக்குது. வெரதம் இருக்கற அத்தெ இருக்காங்க."

பூசாரி வாயைத் திறந்தார். கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது.

"ஆங், வெச்சிக்கக் கூடாது" என்றான் துளசிங்கம் அவசரமாக. "எனக்கு காது மடல் வரிக்கும் ஏறிகினு இருக்குது. நானும் போயிடறேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து சிங்காரம் முண்டியடித்து வந்தான். "பாவா, எனக்கும்தான்! ஒரு வருஷமா ஏறிகினு இருக்குது, யாருமே கேக்கல. என்னயும் ஏத்திகினு போங்க!"

"டேய், காவடிய யாருடா எடுக்கறது?" என்று கெங்கம்மாள் அலறினாள். பூசாரி அலகைக் கையில் வைத்துக்கொண்டு பங்காளிகள் பக்கம் திரும்பினார். பங்காளிகள் எல்லாரும் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்கள். "எங்க வூட்லயும் இன்னிக்கு தீட்டுதான்" என்றான் ஒருவன். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மூவரையும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி கிளம்பும்போது கெங்கம்மாள் ஓடி வந்து நுகத்தடியைப் பிடித்துக்கொண்டாள். திட்டத்தான் வந்தாள். மகனின் வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

"ரொம்ப வலிக்குதா நைனா?"

"வலிக்குதும்மா. ஆனா சாவல பாரு."

அவள் கை தானாக நுகத்தடியை விட்டது. அவள் மனம் மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. வண்டி மறையும்வரை, மகன் உயிரோடுதான் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பொதட்டூர்பேட்டதான?" என்றான் வண்டிக்காரன்.

"மொதல்ல அம்மையார்குப்பம்" என்றான் சிங்காரம்.

"சுத்தாச்சே."

"சுத்தட்டும்."

துளசிங்கம் பூவம்மாளை இடித்தான். "ஏ பூவு, பாஞ்சாலி வண்டியில ஏறிப்போன உன் பக்தி அங்கதான இருக்கும்? அதையும் ஏத்திகினு வந்துடலாமா?"

பூவம்மாள் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தாள். சிங்காரம் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த வைக்கோலைக் கையால் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தான்.

"அது அங்கயே இருக்கட்டுங்க" என்றாள். "பாஞ்சாலி ஒக்காரணும், எடம் பத்தாது."