வெள்ளி ஆமையை வரவழைத்தவள்

வானொலி நிலையத்தில் அவளுக்கு 'விநாடி' என்று பேர் வைத்திருந்தார்கள். வாசிப்பவர்களின் இருமல், தும்மல், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, செய்தியை இம்மி பிசகாமல் மூன்று நிமிடத்துக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. அங்கே அவ்வளவு நிதானம். வீட்டுக்கு வந்தால் ஒரு இடத்தில் கால் தரிக்காது. காரணம் தம்பி.

தம்பிக்கு இருபத்தொன்பது வயது. சரக்குக் கிடங்கில் எந்த லாரி எப்போது கிளம்பவேண்டும் என்று பார்ப்பவன். இரண்டு வருடத்துக்கு முன் இடது கண்ணில் கருவிழி மாற்றினார்கள். உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். வலது கண்ணும் அதே வழியில் மங்கிக்கொண்டு வந்தது.

"வலது கண்ணுலயும் மாத்திடலாம். பத்துப் பேருக்குச் செஞ்சா எட்டுப் பேருக்கு நல்லா வருது" என்றார் கண் டாக்டர்.

"நான் மீதி ரெண்டு பேர்ல ஒருத்தன், டாக்டர்" என்று எழுந்து வந்தவன்தான். விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தான். கையடக்க விளையாட்டுப் பெட்டியை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் திரை ஓரளவு தெரிந்தது.

விதவிதமான பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் ஆட்டம் அது. அதில் ஒரு குளக்கரைப் பாறையில் ஆமை ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் வெளியே வரும், எப்போதும் மண் நிறத்தில். எட்டாயிரத்தில் ஒரு தடவை வெள்ளி நிறத்தில் வருமாம். மண் நிறம் வந்தால் பெட்டியை அணைப்பான், திரும்பப் போடுவான், அழுத்துவான். பதினோரு மாதமாக இதே கதை.

"இது வரட்டும்க்கா, அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

விளையாட்டுக்குத்தான் முதலில் சொன்னான். போகப் போக, டாக்டரிடமிருந்து போன் வந்தால் அதையே பதிலாகச் சொல்ல ஆரம்பித்தான். "ரொம்பத் தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டர் அவளைத் தனியாக எச்சரித்த அன்று, அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த ஆட்டக்காரர்கள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் படித்தாள்.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டி நிஜமாகப் பகடை உருட்டுவதில்லை. போட்ட நொடியில் தன் கடிகாரத்தில் என்ன தேதி, என்ன மணி என்று பார்த்து அதிலிருந்து ஒரு எண்ணை எடுக்கிறது. அந்த எண்ணிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று நொடிக்கு அறுபதாக ஒரு வரிசை ஓடுகிறது. நாம் அழுத்தும் கணத்தில் எந்த எண் நிற்கிறதோ, அதற்கேற்ற ஆமை வரும். கடிகாரத்தை நாமே திருப்பி வைத்தால் வரிசை முழுக்க முன்கூட்டியே தெரியும். வெள்ளி எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். பிறகு நொடியில் அறுபதில் ஒரு பங்கு பிசகாமல் அழுத்தவேண்டியதுதான் பாக்கி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிழைப்பே அதுதானே.

தம்பி மத்தியானம் கண்ணயரும்போதெல்லாம் பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். டிக், டிக் என்று தாளம் ஒன்றை நிலையத்திலேயே பதிவு செய்து காதில் மாட்டிக்கொண்டாள். கடைசி டிக்கில் அழுத்தவேண்டும். வந்த ஆமையின் பலத்தையும் குணத்தையும் வைத்து எந்த எண்ணில் விரல் விழுந்தது என்று கண்டுபிடித்தாள். முதலில் வரிசையில் பதினேழு அடி, அதாவது பதினேழு எண், முந்திவிட்டாள். அப்புறம் நாலு அடி பிந்தினாள். பத்து நாளில் ஒரு அடி, இரண்டு அடி என்று நெருங்கினாள்.

பதினோராம் நாள், தம்பி கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு பத்து நிமிடம் இமை மூடிப் படுத்திருந்தான்.

"குடுடா, நான் கொஞ்சம் அழுத்தறேன்."

"உன் கை என்ன பொன்னுக் கையா? அழுத்து."

மூன்றாவது தடவை கிணுகிணுவென்று ஒரு சத்தம் வந்தது. வெள்ளி வந்தால் மட்டும் ஒலிக்கும் சத்தம். அவன் மருந்து கன்னத்தில் வழிய வழியத் துள்ளி எழுந்தான். "அக்கா! கை வைக்காதே! எதையும் தொடாதே!" என்று கத்தினான். பெட்டியைப் பிடுங்கி அவனே அந்த ஆமையைப் பிடித்தான். அன்று சாயங்காலமே டாக்டருக்குப் போன் போட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டான்.

அதிலிருந்து அவளுக்குத்தான் நிம்மதி போயிற்று. "எட்டாயிரத்துல ஒண்ணு விழுந்தவனுக்கு, பத்துல எட்டு விழாதா?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அவன் சொன்னான். கண் போய்விட்டால்? தன் பொய்யை நம்பியல்லவா கத்திக்குக் கீழே படுக்கப் போகிறான்! நடந்தாள், உட்கார்ந்தாள், துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். நிலையத்தில் அமைச்சர் பேச்சைப் பாதிச் சொல்லில் வெட்டி ஒலிபரப்பிவிட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் தப்பு.

ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. "கடிகாரத்தை மாத்தினியா?" என்றான்.

"ஆமாடா."

"குளியலறைல அதான் பண்ணிட்டிருந்தியா? வயிறு சரியில்லைன்னு நெனச்சேன்." அவள் எதிரிலேயே போனை எடுத்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னான். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மூன்று நாள் பேச்சில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டான், அவ்வளவுதான். நாலாம் நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியோடு வந்து வழியை மறித்தான்.

"எப்படிப் பண்ணே? காட்டு."

குளத்து ஆமையைத்தான் பிடித்தாயிற்றே. மலைப்பாதையில் நிற்கும் நரியை வைத்துக் காட்டினாள். அவனே தாளத்தைக் காதில் மாட்டிக்கொண்டு அழுத்தினான். ஒன்பது அடி பிந்தியது. திரும்ப அழுத்தினான். மூன்று முந்தியது. அவள் நிலையத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பகல் முழுக்க அழுத்தினான். ஒரு அடிவரை வந்தான்; வெள்ளி மட்டும் வரவில்லை.

"அப்ப பதினோரு மாசமா நான் அழுத்தினதெல்லாம்?"

"அதுவும் இதே மாதிரி வரிசைதான். நீ எப்ப அழுத்தினியோ, அந்த நேரத்துக்கு உள்ளது வந்துச்சு."

"நான் ராசியில்லாதவன்னு இல்ல?"

"அதுக்கு உன்னைத் தெரியவே தெரியாதுடா."

அவன் பெட்டியை அணைத்து மடியில் வைத்தான். இடது இமையை விரலால் தடவினான். "இந்தக் கண்ணுக்கும் என்னைத் தெரியாது, இல்ல?" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது அவனுக்குத் தெரிந்திருக்காது என்று உறைத்ததும், "தெரியாதுடா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் அவனே டாக்டருக்குப் போன் பண்ணினான். விட்ட நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது ஏழு வாரம் கழித்து. அந்த ஏழு வாரமும் அக்காவும் தம்பியும் வீட்டுக்குள் மாறி மாறி நடந்தார்கள்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அவள் ஆஸ்பத்திரி தாழ்வாரத்தை எத்தனை தடவை அளந்தாளோ! "அம்மா, உட்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்று தரை துடைத்துக்கொண்டிருந்தவர் கும்பிடு போட்டார்.

மூன்று மாதத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெயர்ப்பலகை தெரிந்தது. விளக்கைப் பார்த்தால் இன்னும் கூசுகிறது. ஒரு வருடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள்மேல் இருந்த கோபமும் முழுசாகத் தீரவில்லை. "இனிமே எனக்குத் தெரியாம எனக்கு நல்லது பண்ணாதே" என்றான் ஒருநாள். சரி என்றாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று கிடங்கு வாசல்வரை அவள் கூடப் போனாள். நிற்கிற லாரிகளின் நம்பரை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான். நாலாவது லாரியில் பிசகினான்.

"எட்டு இல்லடா, மூணு."

அவன் அந்த லாரிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். "மூணுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.