உப்பு நண்டு

என் வீட்டுக்காரர் பாலகுரு விளைவிக்கிற உப்பைப்போல வெள்ளை மரக்காணம் உப்பளத்திலேயே கிடையாது என்பார்கள். லாரிக்காரர்கள் எங்கள் அம்பாரம் எது என்று கேட்டு வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பெருமை மனுஷனுக்குத் தலைக்கு மேல் இருக்கிறது. வரப்பில் சிந்திக் கிடக்கிற நாலு கல் உப்பை யாராவது மிதித்துவிட்டால் மகாலட்சுமியையே மிதித்துவிட்ட மாதிரி கத்துவார். பெண்டாட்டியை மட்டும் எல்லாருக்கும் முன்னால் மிதிக்கலாம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

அடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வார்த்தையால்தான். தை மாதம் கூனிமேட்டில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மண்டபத்தில் டிஜே வைத்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள், நானும் போய் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். பாட்டு நின்ற நேரம் பார்த்து அவர் குரல் வந்தது.

"அறிவிருக்குதா ஆண்டாளு? மருமவன் வந்து நிக்கிறாரு, நீ இன்னா குதிச்சிக்கினு இருக்கிற? வயசு திரும்புதா?"

மண்டபமே சிரித்தது. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் நேராகப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "ஆறிப்போவுது" என்பேன். அவரும் சுவரிடமே "காலையில மோட்டார் போடணும்" என்பார். அந்தச் சுவருக்கு வாய் இருந்திருந்தால் எங்களை வெளியே போகச் சொல்லியிருக்கும். பேச்சு நின்றதுகூடப் பெரிதில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. வானூரில் கட்டிக்கொடுத்த மகள் ஃபோன் போட்டு வேடிக்கையாக ஏதாவது சொன்னாலும் "ம்" என்றுதான் வாயில் வந்தது. மிச்ச காலத்துக்கும் இப்படிக் கட்டையாகவே இருந்துவிடுவேனோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

மாசி பிறந்து வெயில் ஏறியதும் பாத்திகளில் உப்பு இறங்கியது. ஒருநாள் கடைசிப் பாத்தி மூலையில் கருவேலங்குச்சி ஒன்று விழுந்து கிடந்தது. எடுத்து எறியப் போனவள் நின்றுவிட்டேன். குச்சி முழுக்க உப்பு பிடித்து, கிளைக்குக் கிளை மல்லிகை மொட்டாக இருந்தது. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் கொண்டையில் செருகியும் பார்த்தேன்.

மறுநாள் சாக்கு தைக்கிற சணலை வளையமாக முடிந்து அதே மூலையில் நானே போட்டேன். சில நாளில் வெள்ளை வளையல் வந்தது. அப்புறம் குச்சிகளைக் கட்டி ஓர் ஏணி. ஒரு குருவி, அது கோழி மாதிரி வந்தது, பரவாயில்லை. யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, கடல் காற்றின் ஈரத்தில் கசிந்து சீக்கிரமே கரைந்துபோகிற சாமான்கள். ஆனாலும் விடியும்போதே என்ன வந்திருக்கும் என்று கால் பரபரத்தது. இந்த வயதில் கள்ளக் காதல் வைத்திருந்தால்கூட இவ்வளவு பதுங்கியிருக்கமாட்டேன்.

அப்புறம் நண்டு ஆசை வந்தது. நண்டுக்குக் கால் வளைய வேண்டும், குச்சி வளைந்து தொலையாது. மோட்டார் கொட்டகை ஓரத்தில் கட்டுக்கம்பித் துண்டு கிடந்தது. எடுத்தேன், வளைத்தேன், பாத்தியில் இறக்கினேன். உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், பாத்திக்குள் இரும்பு ஆகாது, துரு உப்பில் இறங்கிவிடும் என்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அளத்தில் கிடக்கிற எனக்கு அது ஞாபகமே வரவில்லை. கொடுக்கு எப்படி வரும் என்ற ஒரே நினைப்புதான்.

உப்பு வாருகிற நாள் குப்பம்மாள் போட்ட சத்தம் பக்கத்து அளம்வரைக்கும் கேட்டிருக்கும். என்னோடு கூடை சுமக்கிறவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"யக்கோவ், யாரோ பாத்தியில டீய ஊத்திட்டாங்க!"

எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்த மூலை உப்பு முழுக்கச் செம்பட்டை அடித்திருந்தது, நடுவில் என் நண்டு. அவர் வந்து குனிந்து அதைக் கையில் எடுத்தார்.

"யாரு வச்சது?"

"நான்தான்," என்றேன், சுவரிடம் இல்லை, அவர் முகத்தைப் பார்த்து. கத்தட்டும், இன்றைக்கு நானும் விடுவதாக இல்லை என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ இன்னா கொழந்தையாக்கா?" என்றாள் குப்பம்மாள்.

"நீ போய் கூடைய எடு," என்று அவளை அனுப்பினார். நண்டைத் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை.

"நண்டுக்கு எட்டுக் காலு. நீ ஆறுதான் வச்சிருக்கிற."

"கம்பி பத்தல."

அவ்வளவுதான் பேச்சு. கெட்டுப்போன உப்பைத் தானே இரண்டு கையாலும் அள்ளி வரப்புக்கு வெளியே கொட்டினார். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நண்டுக் காலை எண்ணுகிற ஆளிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் அவருடைய வெள்ளை உப்பு என்னால் கெட்டது மனசை அரித்தது. விளையாடினது போதும் என்று அந்த மூலைப் பக்கமே போகாமல் இருந்தேன்.

வீட்டில் புதுத் துடைப்பம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. எலிதான் இழுக்கிறது என்று நினைத்துப் பொறி வைத்தேன்.

அடுத்த வாரம் கடைசிப் பாத்தியில் உப்பு வாரும்போது மூலையில் வாருபலகை எதிலோ தட்டியது. எடுத்தேன். ஈர்க்குச்சிகளை வளைத்து, நூல் சுற்றிக் கட்டின ஏதோ ஒன்று. தலை எது வால் எது என்று தெரியவில்லை. உப்பு மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது. நான் செய்ததில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் எங்கள் வீட்டு எலி மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டு, ஓடாத மோட்டாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?" என்று கத்தினேன்.

பாத்தியை ஒட்டிக் குவித்திருந்த எங்கள் அம்பாரம்வரைக்கும் அவர் நடந்து வந்தார். பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கிவிட்டார்கள்.

"யானை."

"இதுவா?"

"யானைதான். படுத்திருக்குது."

குப்பம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "பாலகுரு மாமாவுக்கு வயசு திரும்புதுடியோவ்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை.

"ஆமா, திரும்புது. அதுக்கு இப்ப இன்னா?" என்றார் அவர்களிடம். பிறகு குரலை இறக்காமலே என்னைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு மண்டபத்துல நீ நல்லாத்தான் ஆடினே. எனக்குத்தான் கூச்சம். தப்பு என்னுது ஆண்டாளு."

இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அம்பாரத்தில் ஒரு கை உப்பை அள்ளி அவர் மார்பில் எறிந்தேன்.

உப்பை எறிவதாவது! அதுவும் பாலகுரு உப்பை. காலடியில் சிதறிக் கிடந்ததை அவர் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் குனிந்து, அந்த வெள்ளை அம்பாரத்திலேயே இரண்டு கையும் கொள்ள அள்ளினார்.

"வேணாங்க! ஏங்க, வேணாம்!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினேன். முதுகில் உப்பு வந்து விழுந்தது. பின்னாலேயே அவர் ஓடி வருகிற சத்தம். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே இரண்டு பாத்தி தாண்டின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.