கழுவாத தூள்

ஆர்டித் கழுவி அடுக்கும் தட்டுகளை அவள் கணவர் வெர்லின் ஊன்ரூ மறுபடி எடுத்துக் கழுவுவார். வேதியியல்காரனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் என்று அவள் சிரிப்பாள். கான்சாஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் புரதத் துணுக்குகளைக் கிளை கிளையாக வளர்ப்பது அவர் தொழில். புண்ணில் தடவினால் அந்தக் கிளைகள் கிருமிகளைக் குத்திக் கிழிக்க வேண்டும்.

ஆர்டித்துக்குச் சர்க்கரை வியாதி. வலது கால்விரல்களில் வந்த புண் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. விரல்களை எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். தேவாலய ஆர்கனின் கால்கட்டைகளை மிதித்து வாசிக்கிறவள் அவள்.

"கொஞ்சம் பொறு ஆர்டித். என் மருந்து தயாராகுது."

"ரொட்டிய கருகாம சுடத் தெரியாது உனக்கு, மருந்து பண்றியாக்கும்! சரி, நீ சொன்னா பொறுக்கறேன்."

வெர்லின் தன் புது மருந்துத் தூளைக் கிருமி வளர்த்த கிண்ணத்தில் போட்டார். ஒரு கிருமிகூட மிஞ்சவில்லை. உதவி ஆய்வாளர் கொரின் மட்டும் முகம் சுளித்தாள்.

"சார், அமிலத்தக் கழுவி எடுத்தீங்களா?"

வளர்த்த துணுக்கைப் பிரித்தெடுக்க ஊற்றும் அமிலம் தூளோடு ஒட்டிக்கொள்ளும். கழுவினால் வாரக்கணக்காகும், பாதித் தூளும் போய்விடும்.

"அப்புறம் கழுவிக்கலாம். வேலை செய்யுதே, அது போதாதா?"

"கழுவாம அவங்க கால்ல போட விடமாட்டேன். வெந்துடும்."

முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். ஆர்டித் மருத்துவரிடம் மறுபடி தவணை கேட்டாள். கழுவிய தூளைப் போட்ட கிண்ணத்தை மறுநாள் காலை திறந்தபோது, பாலில் ஆடை படிந்ததுபோல் கிருமி பரவிக் கிடந்தது. கிளைகள் எதையும் கொல்லவில்லை. கொன்றதெல்லாம் அமிலம்தான். இது தெரியாதவரா அவர்? வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கிண்ணத்தை வைத்த கையோடு தொலைபேசி அடித்தது. ஆர்டித்துக்குக் குளிர்காய்ச்சல், கால் முழங்கால்வரை கறுத்துவிட்டது. அன்றே தொடையோடு எடுத்தார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா விரலோட போயிருக்கும்" என்றார் மருத்துவர்.

மயக்கம் தெளிந்ததும் அவள் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"உன் மருந்து என்னாச்சு?"

அவர் ஒளிக்காமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கழுவின தட்டத் திருப்பிக் கழுவுவியே வெர்லின்" என்றாள்.