பன்வில இறக்கம்

காலையில் முதல் ட்ரிப்பிலேயே, பன்வில இறக்கத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று எங்களுக்கு முன்னால் வந்து மாட்டியது. தியாகராஜா அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் அவருடைய கண்டக்டர். அந்தக் கோபமெல்லாம் என் தலையில்தான் விடியும். ஆனால் அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. கம்பெனி சோதித்துப் பார்க்கத் தந்த, டீசலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் பஸ்ஸுக்கு அது கடைசி நாள். லீட்டருக்கு நாலரை கிலோமீட்டராவது ஓட வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதமாக மூன்றரையைத் தாண்டவில்லை.

பஸ் போனால் எனக்கொன்றும் குடி முழுகிவிடாது. அண்ணனுக்குத்தான் கஷ்டம். பழைய பஸ்ஸின் கிளட்சை இருபத்திரண்டு வருஷம் மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனவர். கிளட்சே இல்லாத இந்த பஸ் வந்த பிறகுதான் முனகாமல் படியிறங்குகிறார். திரும்பவும் பழைய பஸ் என்றால் ஆறு மாதத்தில் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். அதனால் டீசலைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்தார். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டுச் சும்மா உருட்டிவிடுவார். இந்த ரோட்டு ட்ரைவர்களுக்கெல்லாம் அது தண்ணீர்பட்ட பாடு. உருட்டினால் வேலை போகும் என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. யார் வாசித்தார்கள்?

"நடந்து போனாக்கூட இவனுக்கு முன்னால போயிரலாம்டா," என்றார்.

லொறி வளைவுக்கு வளைவு நின்று நின்று போனது. உருட்ட வழியில்லை. கியரிலேயே வைத்து, பிரேக்கை மிதித்து மிதித்து வத்தேகம வந்து சேர்ந்தோம். அப்போதுதான் பேட்டரி முள்ளைக் கவனித்தேன். மாதம் முழுக்கப் பாதிக்குக் கீழே கிடந்தது இப்போது நிறைந்து நின்றது. அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் சத்தமே இல்லாமல் பஸ் ஏறியது. முன்சீட்டிலிருந்த பேச்சியம்மா அக்கா பயந்துபோய், "தம்பி, பஸ் பின்னுக்குப் போவுதா?" என்று கேட்டார்.

"அண்ணே, பிரேக் அடிச்சாத்தான் பேட்டரி ஏறும்போல. நியூட்ரல்ல ஏறாது," என்றேன்.

கண்டியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அந்த முள்ளைத் தட்டிப் பார்த்தார். "அப்ப ஒரு மாசமா நான்தான் கெடுத்தேனா?" என்றார்.

மிச்ச ட்ரிப்பில் நியூட்ரலைத் தொடவில்லை. மாலையில் டீசல் நிரப்பிப் பார்த்தால் நாலே முக்கால். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கம்பெனி இன்ஜினியர் அஸ்ஃபர்தான் கணக்குத் தாளைப் பார்த்து, இல்லையென்று தலையாட்டினார்.

"ஒரு நாள் கூடினாக் காணாது அண்ணன். மாசத்துக்குப் பாத்தா மூன்றரைதானே."

நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மனுஷன் கேட்டால்தானே.

"பஸ் மேல குத்தமில்ல சார். மாசம் பூரா நான்தான் எறக்கத்துல நியூட்ரல்ல உருட்டுனேன்."

அஸ்ஃபர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டார்.

"நாளைக்கு உங்கட பக்கத்துல நான் இருப்பேன். அதுக்குப் பொறகு பாப்போம், பஸ்ஸையும் உங்களையும்."

மறுநாள் காலை பன்வில இறக்கம். முன்னால் லொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. ரோடு வெறிச்சென்று கிடந்தது. பஸ் வேகம் எடுத்தது. அண்ணனின் இடது கை தானாகக் கியரை நோக்கிப் போனது. அஸ்ஃபர் திரும்பிப் பார்த்தார். பாதி வழியில் நின்ற கை மெல்ல மேலே போய், தலையைச் சொறிந்தது.